தளர்ந்த தோலும் தளராத உடன்படிக்கையும்



முப்பது ஆண்டுகளை நெருங்கும் என் ஊழிய காலத்தில் பிரசங்க பீடத்திலிருந்து நான் ஒருமுறைகூடப் பேசாத ஒரு காரியத்தை இந்த வாரத் தியானத்தில் எழுதுகிறேன். எழுதத் துணிவு தந்தது ஒரு தம்பதியர். அவர்கள் அனுமதி தந்தபின்னரே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் என் தவறு ஒன்றும் இதில் உண்டு. அதை மட்டும் மாற்றாமல் எழுதுகிறேன்.

எங்கள் சபையில் ஒரு சகோதரி சர்க்கரை நோயினாலும் மூட்டு வலியினாலும் பல ஆண்டுகள் வருந்தி, மருத்துவரின் ஆலோசனைப்படி எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஓராண்டுக்குள் 40 கிலோவுக்கும் மேல் குறைந்தது. இன்சுலின் ஊசி நின்றது. ஆலயத்தின் படிகளில் கைப்பிடியைப் பற்றாமல் ஏறினார். அந்த ஆண்டின் தோத்திரப் பண்டிகையில் காணிக்கையோடு வந்த அவரை நான் முன்னே அழைத்து நிறுத்தி, “நம் சகோதரியைப் பாருங்கள், கர்த்தர் இவரைப் புதிய சிருஷ்டியாக்கியிருக்கிறார்” என்றேன். சபை கைதட்டிற்று. சகோதரியும் புன்னகைத்தார்.

சில வாரங்களுக்குப்பின் ஒரு மாலையில் அவர் என் துணைவியாரைத் தேடி வந்தார். “அம்மா, முன்பு நான் பருமனாயிருந்தேன், ஆனாலும் அது என் உடம்பு. இப்போது விளக்கை அணைத்தபிறகு என் கை என் வயிற்றில் பட்டாலே அது வேறு யாருடையதோ என்று தோன்றுகிறது” என்று சொல்லி அழுதிருக்கிறார். அவரும் கணவரும் ஐந்து மாதங்களாக வேறு வேறு அறையில் உறங்கி வந்தார்கள். நான் அவரைச் சபையின் முன் நிறுத்திய ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஐந்து மாதங்களுக்குள் அடக்கம்.

பின்பு இருவருமாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது கணவர் சொன்ன வார்த்தை என் மனதைவிட்டு அகலவில்லை. “ஐயா, நான் தொட்டால் சுருங்கிப்போகிறாள். தொடாமலிருந்தால், ‘என்னைப் பிடிக்கவில்லையா’ என்று அழுகிறாள். நான் என்னதான் செய்வது?”

நான் அவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பவுல் அப்போஸ்தலன் கிறிஸ்துவுக்குள் பிறக்கும் புதுவாழ்வைக் குறித்து எழுதிய ஒரு மகத்தான வார்த்தையை நான் எடைபார்க்கும் இயந்திரத்தின்மேல் வைத்துவிட்டேன். 40 கிலோ குறைந்தவர் புதிய சிருஷ்டி என்றால், குறையாதவர் யார்? அன்றைக்கு அதே ஆலயத்தில் அமர்ந்திருந்த பருமனான சகோதரிகள் அந்தக் கைதட்டலில் எதைக் கேட்டிருப்பார்கள்? இவரோ, வெளியே கைதட்டல் வாங்கும் உடலை வீட்டில் மறைத்துக்கொண்டிருந்தார். சபையே ஸ்தோத்திரம் செலுத்திய காரியத்தைக் குறித்து இனி யாரிடத்தில் போய் அழுவது? என் வார்த்தை அவருடைய வாயை அடைத்துவிட்டது.

இந்தச் சிகிச்சை என்ன செய்கிறது என்பதை நாம் சற்று அறிந்துகொள்ள வேண்டும். அறியாமையினால்தான் பல காயங்களை உண்டாக்குகிறோம். பரவலாகச் செய்யப்படும் ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலானதை நிரந்தரமாக அகற்றிவிடுகிறார்கள். எஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குறுகிய குழாய். பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் சுரப்பு பெரும்பாலும் உண்டாகும் பகுதியும் அதோடு போய்விடுவதால், பசியே மாறிப்போகிறது. ‘பைபாஸ்’ முறையிலோ இரைப்பையைச் சிறு பையாக்கி, உணவு சிறுகுடலின் முற்பகுதியைத் தாண்டிச் செல்லும்படி இணைக்கிறார்கள். இரண்டிலும் எடை முதல் ஆண்டில் வேகமாகக் குறைந்து, 12 முதல் 18 மாதங்களில் பெரும்பாலும் ஒரு நிலைக்கு வருகிறது. வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி போன்றவற்றை வாழ்நாள் முழுவதும் கவனித்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகையால் இது சோம்பேறிகளின் குறுக்குவழி அன்று. “உபவாசித்திருந்தாலே குறைந்திருக்குமே” என்று சொல்லுகிறவர்களுக்கு நான் இதைத்தான் நினைவூட்டுவேன். அப்படி நானும் ஒருகாலத்தில் நினைத்ததுண்டு.

எடை குறைகிற வேகத்திற்குத் தோல் சுருங்குவதில்லை. பல ஆண்டுகள் விரிந்திருந்த தோல் தன் நெகிழும் தன்மையை இழந்துவிடுகிறது. வயிற்றிலும் மேற்கைகளிலும் தொடைகளிலும் மார்பிலும் அது மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. மடிப்புகளுக்குள் வியர்வை தங்கிப் புண்ணும் அரிப்பும் வருகிறது. நம் ஊர் வெயிலில் அது எவ்வளவு வேதனை என்று சொல்லத் தேவையில்லை. அவ்வளவு மிகுதியான தோலை எந்தத் தைலமும் எந்த உடற்பயிற்சியும் முழுவதும் சுருக்காது. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை தலைமுடியும் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் அது திரும்ப வளரும். ஆனால் கண்ணாடிமுன் நிற்கிறவருக்கு அந்தச் செய்தி ஆறுதலாகச் சிலகாலம் பிடிக்கும்.

உடலுக்குப் பின்னால் மனம் மெதுவாகவே நடந்து வருகிறது. எடை குறைந்து வெகுநாளானபின்னும் பலர் வாசற்படியில் பக்கவாட்டில் திரும்பியே நுழைகிறார்கள். பேருந்தில் இருவர் இருக்கையில் உட்காரத் தயங்குகிறார்கள். கடையில் பழைய அளவிலேயே சட்டை கேட்கிறார்கள். ஆகவே, ‘நீ இப்போது அழகாயிருக்கிறாய்’ என்று கணவன் சொல்லும்போது மனைவியின் காதில் விழுவது வேறு: ‘அப்படியானால் இத்தனை ஆண்டுகள் என்னைச் சகித்துக்கொண்டுதான் இருந்தாயா?’ பாராட்டுகிறவன் இதை உணர்வதில்லை. நானும் உணரவில்லை.

இன்னொரு காரியம் நம் வீடுகளுக்கே உரியது. நமக்குள் அன்பு பெரும்பாலும் சோற்றின் வழியாகவே பேசுகிறது. ‘சாப்பிட்டாயா?’ என்பதே நம் தாய்மாரின் முதற்கேள்வி. ஆராதனை முடிந்து வந்து ஞாயிறு மதியம் கறிக்குழம்போடு கணவனும் மனைவியும் சேர்ந்து உண்ட வேளைதான் சில தம்பதியருக்கு வாரத்தின் ஒரே தனிமை. சிகிச்சைக்குப்பின் நாலைந்து கரண்டியோடு அவர் கை நின்றுவிடுகிறது. அவசரமாகவோ இனிப்பாகவோ உண்டால் வியர்த்து மயக்கம் வருகிறது. பரிமாறின மாமியார் மனம் நோகிறார். எதிரே உட்கார்ந்த கணவன் தனியே உண்ணக் கூச்சப்படுகிறான். படுக்கையறையில் தோன்றும் தூரம் பல வீடுகளில் சாப்பாட்டு மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. அவர்கள் இழந்தது வெறும் உணவன்று. ஒருவருக்கொருவர் அருகிருக்கும் ஒரு பழக்கத்தை இழந்தார்கள். அதன் இடத்தில் வேறொன்றை வைக்க யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

சுவீடன் நாட்டில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இரண்டு பெரிய குழுக்களின் விவரங்களை ஆராய்ந்து 2018-இல் ‘ஜாமா சர்ஜரி’ இதழில் வெளியிட்டார்கள். சிகிச்சை பெற்றவர்களில் தனியாயிருந்தவர்கள் திருமணமோ புதிய உறவோ அடைவது, சிகிச்சை பெறாதவர்களைவிட அதிகமாயிருந்தது. ஏற்கெனவே உறவிலிருந்தவர்களிடத்தில் பிரிவும் விவாகரத்தும் அதிகமாயிருந்தது. சுவீடன் வேறு, நம் சமுதாயம் வேறு. பெரும்பாலான இல்லறங்கள் அங்கும் நிலைத்தே நின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறுபக்கம், சிகிச்சைக்குப்பின் தாம்பத்திய வாழ்வு பலருக்கு மேம்படுகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே கத்தி இல்லறத்தை உடைப்பதுமில்லை, சீர்ப்படுத்துவதுமில்லை. ஏற்கெனவே அங்கே என்ன இருந்தது என்பதை அது வெளிச்சத்திற்குக் கொண்டுவருகிறது. மனைவி வெளியே நடமாடத் தொடங்கியதும், ‘இப்போது யாருக்காக இந்த அலங்காரம்?’ என்று கேட்கும் கணவன், அவளுடைய பருமனையே தன் பாதுகாப்பாக வைத்திருந்தான் என்பதுதான் அதன் பொருள்.

இனி வேதத்திற்கு வருவோம். இப்படிப்பட்டவர்களுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் வசனம் ஒன்று உண்டு. மனிதன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்னும் கருத்துடைய 1 சாமுவேல் 16-ஆம் அதிகாரத்து வசனம். “கர்த்தர் இருதயத்தைத்தானே பார்க்கிறார், தோலைப்பற்றி உனக்கென்ன கவலை?” என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த வசனம் யாரிடம் சொல்லப்பட்டது என்று மறுபடியும் வாசித்துப் பாருங்கள். அது தாவீதிடம் சொல்லப்பட்டதன்று, எலியாபிடம் சொல்லப்பட்டதுமன்று. எலியாபின் உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு மயங்கிய தீர்க்கதரிசியாகிய சாமுவேலிடம் சொல்லப்பட்டது. பார்க்கப்படுகிறவரை அடக்க அல்ல, பார்க்கிறவரைக் கடிந்துகொள்ளவே கர்த்தர் அதைச் சொன்னார். அதிலும் தீர்க்கதரிசியை! அந்த வசனத்தை முதலில் கேட்க வேண்டியவர்கள் என்னைப்போன்ற போதகர்களே.

இன்னொரு குழப்பமும் நமக்குள் உண்டு. மாம்சம் என்றும் சரீரம் என்றும் நம் வேதாகமத்தில் வரும் இரண்டு சொற்களை நாம் ஒன்றாகவே கேட்கிறோம். பவுல் ஆவிக்கு விரோதமானது என்று எழுதுவது பெரும்பாலும் ‘சார்க்ஸ்’ என்னும் கிரேக்கச் சொல். அதைத் தமிழில் மாம்சம் என்கிறோம். தேவனைவிட்டு விலகி நிற்கும் மனித இயல்பையே அவர் அவ்விடங்களில் குறிக்கிறார். பரிசுத்த ஆவியானவரின் ஆலயம் என்று அவர் எழுதுவதோ ‘சோமா’, அது சரீரம். தோலும் எலும்பும் தழும்பும் உள்ள இந்தச் சரீரத்தையே அவர் ஆலயம் என்கிறார். அதில் மெலிந்தது பருமனானது என்ற பிரிவினை இல்லை. ஆலயத்தின் சுவரில் காரை பெயர்ந்திருப்பதால் ஆராதனை நின்றுபோவதில்லை.

கணவன் மனைவிக்குரிய கடமையைப்பற்றிய 1 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரத்தைப் பல ஆண்கள் ஒரு கடன் பத்திரத்தைப்போலக் கையில் வைத்திருக்கிறார்கள். மனைவியின் சரீரத்தின்மேல் கணவனுக்கு அதிகாரம் உண்டு என்ற பாதியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். கணவனின் சரீரத்தின்மேல் மனைவிக்கு அதே அதிகாரம் உண்டு என்று அதே மூச்சில் பவுல் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து ரோம உலகில் இது கேட்கப்படாத சமன்பாடு. விலகியிருப்பதும் இருவர் சம்மதத்தின்படி என்கிறார். சம்மதத்தின்படி விலக வேண்டுமானால், சம்மதத்தின்படியே சேரவும் வேண்டும். அழுதுகொண்டிருக்கிற மனைவியிடம் வசனத்தைக் காட்டி உரிமை கேட்பது அந்த அதிகாரத்தின் ஆவிக்கு முற்றிலும் எதிரானது. அதே வேளையில், காரணம் சொல்லாமல் கதவை அடைத்துக்கொண்டு கணவனை வெளியே நிறுத்துவதும் அவனுக்குச் செய்யும் அன்பாகாது. ‘எனக்கு வெட்கமாயிருக்கிறது, கொஞ்சம் காத்திரு’ என்று சொல்லிவிட்டால் அந்தக் கதவு பாதி திறந்துவிட்டது.

உன்னதப்பாட்டின் முதல் அதிகாரத்தில் மணவாட்டி முதலில் பேசுவதிலேயே தன் தோலைக் குறித்த கூச்சம் வந்துவிடுகிறது. வெயில் பட்டுக் கறுத்துப்போன தன்னை உற்றுப் பார்க்க வேண்டாம் என்கிறாள். மணவாளன் அவளிடம் வாதாடவில்லை. அப்படியெல்லாம் இல்லை என்று மறுக்கவுமில்லை. அதிகாரம் அதிகாரமாக அவளை அன்போடு அழைத்துப் பேசிக்கொண்டே இருக்கிறான். பின்பு ஐந்தாம் அதிகாரத்தில் அவள் அவனைத் தலைமுதல் கால்வரை வர்ணிக்கிறாள். வெட்கத்தில் தொடங்கியவள் பேச்சில் மலர்கிறாள். அங்கே ஒரே இரவில் ஒன்றும் நடக்கவில்லை.

ஏதேனில் வெட்கம் வந்தபோது தேவன் என்ன செய்தார் என்பதையும் கவனியுங்கள். வெட்கப்படாதே என்று அவர் கட்டளையிடவில்லை. தம்முடைய கைகளால் உடை செய்து அவர்களுக்கு உடுத்தினார். ஆகையால், மிகுதியான தோலை அகற்றும் அறுவை சிகிச்சையை ஒரு சகோதரி விரும்பினால், அதை ஆடம்பரம் என்றோ மாயை என்றோ நான் சொல்லமாட்டேன். எடை ஒரு நிலைக்கு வந்தபின் அதை மருத்துவரோடு ஆலோசித்துத் தீர்மானிக்கலாம். அதற்கும் நீண்ட தழும்பும் செலவும் உண்டு என்பதை அறிந்து தீர்மானிக்க வேண்டும், அவ்வளவே. அதைச் செய்யாமலிருக்கவும் அவருக்குச் சுதந்தரம் உண்டு. உயிர்த்தெழுந்த ஆண்டவரின் மகிமையின் சரீரத்திலும் தழும்புகள் இருந்தன. தோமா அவற்றைக் கண்டே ஆண்டவரை அறிந்தான். அந்தத் தழும்புகளை வேறெதனோடும் ஒப்பிட எனக்குத் துணிவில்லை; ஆனால் தழும்பு மகிமைக்குத் தடையன்று என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

தம்பதியருக்கு அனுபவத்திலிருந்து சில ஆலோசனைகள் சொல்லுகிறேன். எதிர்பார்ப்பு ஒன்றுமில்லாத தொடுதலிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள். கைகோத்து நடப்பது, தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது, தோல் மடிப்பின் புண்ணுக்கு மருந்து தடவிக்கொடுப்பது ஆகியவையும் தாம்பத்தியமே. விளக்கு எரிய வேண்டுமா, அணைய வேண்டுமா என்பதை வெட்கப்படுகிறவர் தீர்மானிக்கட்டும். கணவன்மாரே, எடையை வைத்துப் பாராட்டாதீர்கள். முன்பும் நேசித்தேன், இப்போதும் நேசிக்கிறேன் என்பதைச் சொல்லுங்கள். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு எதிர்பாராமல் அதிகரிக்கும். சிகிச்சைக்குப்பின் 12 முதல் 18 மாதங்கள்வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்கும்படி மருத்துவர்கள் கூறுகிறார்கள். பைபாஸுக்குப்பின் கருத்தடை மாத்திரை உடலில் சரியாகச் சேராமற்போகலாம் என்பதால், இதை இருவருமாகச் சென்று மருத்துவரிடம் கேளுங்கள். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தாலோ, உயிரை வெறுக்கும் எண்ணம் எழுந்தாலோ, ஜெபத்தோடு உடனே மனநல மருத்துவரிடமும் செல்லுங்கள். அது விசுவாசக் குறைவன்று. சிகிச்சை பெற்ற சகோதரர்களே, உங்களுக்கும் இவையெல்லாம் பொருந்தும். மார்பின் தோல் தொங்குவதைக் கண்டு சட்டையைக் கழற்றவே கூசும் ஆண்கள் உண்டு. ஆண்களாகிய நாம் அழுவதற்குப் பதிலாக எரிந்து விழுகிறோம்; வேறுபாடு அவ்வளவுதான்.

சபைக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. ஒருவருடைய உடலைக் குறித்து, குறைந்தது என்றோ கூடியது என்றோ, ஆலய வாசலில் பேசுவதை நிறுத்துவோம். ‘இளைத்துவிட்டீர்களே’, ‘என்ன, முகம் இப்படி வாடிப்போயிற்று’ என்னும் விசாரிப்புகளை நாம் அன்பு என்று நினைக்கிறோம். கேட்கிறவருக்கு அது தராசு. அன்பின் விருந்தில் ஒருவர் கொஞ்சமாக உண்டால், இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்தாமல் அருகே உட்கார்ந்து பேசுங்கள். நன்றி செலுத்த வருகிறவர் எதற்காக நன்றி சொல்ல விரும்புகிறார் என்பதை அவர் வாயிலிருந்தே கேட்போம். திருமண ஆயத்த வகுப்புகளில் கனிவான வார்த்தைகளில் சரீரத்தைப்பற்றியும் பேசுவோம். இந்தச் சிகிச்சைக்கான உலகளாவிய வழிகாட்டுதல் 2022-இல் மாற்றப்பட்டபோது, ஆசியருக்கு பி.எம்.ஐ. 27.5 என்ற அளவிலிருந்தே இதைப் பரிசீலிக்கலாம் என்றார்கள். இன்னும் பல குடும்பங்கள் இந்த வழியாய் வரும். அவர்கள் வரும்போது நாம் ஆயத்தமாயிருக்க வேண்டும்.

அந்தத் தம்பதியர் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். ஒரே அறைக்குத் திரும்பியிருக்கிறார்கள். மாலையில் ஒன்றாக நடக்கிறார்கள். ஞாயிறு மதியம் அவருக்குச் சிறு கிண்ணத்திலும் கணவருக்குத் தட்டிலும் பரிமாறி, இருவரும் ஒரே நேரத்தில் எழும்படி மெதுவாக உண்கிறார்கள். சில இரவுகளில் இன்னும் அழுகை வருகிறது. “முன்பு அவள் தனியாக அழுவாள், ஐயா, இப்போது என் தோளில் அழுகிறாள்” என்று அவர் சொன்னார். அதற்காக நான் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். இந்தமுறை சபையின் முன்னால் அல்ல, என் அறையில்.

ஜெபிப்போம்: எங்களை உருவாக்கின பிதாவே, எங்கள் சரீரங்களை நீர் அறிவீர். வெட்கத்தோடு உறங்கப்போகிறவர்களை இன்றிரவு நினைத்தருளும். காத்திருக்கிற துணைக்குப் பொறுமையையும், கூசுகிற துணைக்குத் தைரியத்தையும் தாரும். கண்களால் நியாயந்தீர்த்த எங்களை மன்னியும். ஒருவருடைய குறைவை ஒருவர் கனத்தோடு மூடும் மனதை எங்கள் வீடுகளுக்கும் சபைக்கும் அருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.